ஊசியில் இருக்கும் பிள்ளைகள்

உறைபனி மூன்று வாரம் விடாமல் விழுந்து, மேல் டிவிஷன் தேயிலையெல்லாம் தீயில் வாட்டியதுபோல் கருகிப்போன அந்த மார்கழியில்தான், எங்கள் லைன் வீடுகளில் பாதியில் நின்ற பின்னல்கள் எல்லாம் சூடாக ஆரம்பித்தன. அதை முதலில் கண்டுபிடித்தது மனிதர்கள் இல்லை, பக்கத்து வீட்டுப் பவுனம்மாவின் பூனை. எப்போதும் அடுப்போரம் சுருண்டு கிடக்கும் அந்தப் பூனை அன்றைக்கு அடுப்பை விட்டுவிட்டு, பவுனம்மா தன் மகன் தனபாலுக்காகப் பாதி பின்னி ஊசியோடு கூடையில் போட்டிருந்த ஸ்வெட்டரின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. விரட்டினாலும் போகவில்லை. தூக்கி எறியலாமென்று கூடைக்குள் கைவிட்டவள், பூனை படுக்காத ஓரமும் கதகதப்பாக இருக்கவே, அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ பிலோமி, இங்க வந்து இதத் தொட்டுப் பாரு புள்ள. பால் குடிச்ச கொழந்த வயிறு மாதிரி இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, என் வீட்டுக்கு வந்து, அரிசிக்கு உலை வைத்தேன். வேறென்ன செய்வது, அன்றைக்கு ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் எட்டு மணிக்கு.

எங்கள் எஸ்டேட்டில் கான்வென்ட் சிஸ்டர்கள் ஒரு காலத்தில் வந்து பின்னல் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊசி பிடிக்க மட்டும்தான் அவர்கள் சொல்லிக் கொடுத்தது. முதல் கண்ணியை ஊசியில் போடும்போது அது யாருக்கோ அவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிற வழக்கத்தை எங்கள் பெண்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டார்கள். பெயர் சொல்லிப் போட்டதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கிறதில்லை. கடைசிக் கண்ணியை அடைத்து ஊசியை உருவினால்தான் அது உடுப்பு. அதுவரைக்கும் அது ஸ்வெட்டர் இல்லை, "நம்ம தனபாலு ஊசியில இருக்கான்", "எம் மக இன்னும் ஊசியிலதான் இருக்கா" என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வது. ஆகவே டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து, தெர்மாமீட்டரைத் தனபாலின் பின்னலுக்குள் செருகி, இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்திருந்து, "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு, ஒண்ணும் பயமில்ல" என்று சொன்னபோது, அது யாருடைய சூடு என்று எங்களில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் பவுனம்மா சென்னைக்குப் போன் போட்டு, "ஒனக்குக் காச்சல் இல்லையாம்டா" என்றாள். "எனக்குத் தெரியாதாம்மா?" என்றான் தனபால்.

ஊர் அதைத் தன் வேலைகளுக்குள் எடுத்துக்கொண்டது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கூடைக்குள் சோற்றுப் போசியோடு பின்னலையும் வைத்துக்கொண்டு போனார்கள். வயிற்றுவலிக்காரர்கள் அதை வயிற்றில் கட்டிப் படுத்தார்கள். கரி வாங்குவது குறைந்தது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும், பெயரைச் சொல்லிக் கண்ணி போட்டு, நான்கு விரல் அகலம் பின்னி, அதற்குமேல் பின்னாமல் நிறுத்தி, ஆணியில் தொங்கவிட்டார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு தடவை தொட்டால் போதும்: இருக்கிறான், இருக்கிறாள், சுகம். முடித்துவிட்டால் அந்த நிமிடமே அது கடையில் தொங்குகிற துணியைப்போல் ஆறிப்போவதை இரண்டு மூன்று பேர் பட்டுத் தெரிந்துகொண்டதால், அப்புறம் யாரும் எதையும் முடிக்கவில்லை. குன்னூரில் எங்களுக்கு நூல் விற்கிற தையூப் பாய், "என்னக்கா இது, ஊசி ஊசின்னு வந்து நிக்கிறீங்க, நூலு வாங்க ஒருத்தரையும் காணோம், காத்தையா பின்றீங்க?" என்று கேட்டாராம்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறக்க எனக்குத்தான் ஒரு வாரம் ஆனது.

அந்தப் பெட்டிக்குள் அடியில் என் மகன் இன்னாசி இருந்தான். அவன் போய் அப்போது நான்கு வருடம். என் மகள் ஜெசிந்தாவுக்கு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று குடித்துவிட்டு வந்து, அவர்கள் எதிரிலேயே வெற்றிலைத் தட்டின் மேல் விழுந்தான். அவன் அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். நான்தான், அதுவரைக்கும் ஒருத்தரையும் சத்தம் போட்டுப் பேசாத நான்தான், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத, எனக்கு ஒரு மகதான்" என்றேன். சட்டையோடு போனான். தைமாதப் பனி. அவனுக்காக அந்த மயில்கழுத்து நிற ஸ்வெட்டரை முதுகு, முன்பக்கம், இரண்டு கை எல்லாம் முடித்துச் சேர்த்துத் தைத்து, கழுத்துப் பட்டைக்குக் கண்ணிகளை ஊசியில் எடுத்து இரண்டே வரிசை பின்னியிருந்தேன், நூல் தீர்ந்திருந்தது, திங்கட்கிழமை போய் வாங்கலாமென்று இருந்தேன். கழுத்து மட்டும்தான் பாக்கி. அதனால்தான் அவன் ஸ்வெட்டர் இல்லாமல் போனான். அவன் அப்பா செத்தபோதும் சொல்லியனுப்ப ஒரு விலாசம் இல்லை.

பெட்டியைத் திறந்து கையை விட்டேன். மேலே இருந்த சேலைகள் பனிக்கட்டிபோல் இருந்தன. அதற்குக் கீழே போர்வை. அதற்குக் கீழே என் மகன் கதகதவென்று இருந்தான். மாதாவே என்று அங்கேயே மண்டியிட்டவள், ஜெபமாலையின் ஐம்பது மணியையும் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

அப்படி இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் பாவம், ஆனால் பசி எடுத்தது, தூக்கம் வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் கஞ்சி குடித்தேன். ஒரு சமயம் நாலு நாள் கொதித்தது. எங்கேயோ காய்ச்சல் என்று ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தேன், பவுனம்மா திருநீறு கொண்டுவந்து தூவினாள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஐந்தாம் நாள் இறங்கியது. அன்றைக்கு லைனில் ஏழு வீட்டுக்குப் பால் பாயசம் கொடுத்தேன்.

பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக ஆற ஆரம்பித்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் சித்திரையில்தான் பிள்ளைகள் போனில் ஒரே மாதிரி பேசுவதைக் கவனித்தோம். சென்னையில் கத்திரி வெயிலில் தார் உருகுகிறது, தனபால் ஆபீசில் குரங்குக் குல்லாய் போட்டு உட்கார்ந்திருக்கிறானாம், எல்லோரும் சிரிக்கிறார்களாம். துபாயில் கட்டட வேலை பார்க்கிற இன்னொரு வீட்டுப் பையன் மத்தியான வெயிலில் போய் நிற்கிறான், பல் கிட்டுகிறது என்கிறான். ஜெசிந்தா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இஸ்திரி மேசையில் நிற்கிறவள், மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். "அம்மா, நெருப்பு மாதிரி பெட்டி கையில இருக்கு, எனக்குக் குளிருதும்மா, எலும்புக்குள்ள குளிருது. டாக்டரு ஒண்ணுமில்லங்கிறாரு. புள்ளைக்கு எதாச்சும் ஆயிருமா?" என்று அழுதாள்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஆணியில் அவளுக்காகப் போட்டிருந்த கழுத்துத் துண்டு தொங்கியது. நான்கு விரல் அகலம், ரோஸ் நிறம், தொட்டால் அவள் கன்னம்போல் இருக்கும். எழுந்து போய்த் தொட்டேன். அப்போது எனக்குள் ஒன்று கழன்று விழுந்ததுபோல் இருந்தது. சூடு என்பது ஓரிடத்தில் இருந்துதானே இன்னோர் இடத்துக்கு வர வேண்டும்.

வேலைக்குப் போகவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்து அந்தத் துண்டைப் பின்னினேன். சாயங்காலம் கடைசிக் கண்ணியை அடைத்து ஊசியை உருவிய நொடியில் அது என் கையில் செத்துப்போன பறவைபோல் ஆனது. பொங்கிவந்த அழுகையை அடக்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"அம்மா," என்றாள் ஜெசிந்தா, "வேர்க்குதும்மா."

நான் அதைப் பவுனம்மாவிடம் சொன்னேன். அவள் தனபாலின் பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "குளிருதுன்னா கடையில ஒரு ஸ்வெட்டரு வாங்கிப் போடட்டும். பெத்து வளத்ததுக்கு இந்தக் கொஞ்சூண்டு சூடு எனக்குக் கெடையாதா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். ஆனால் ஒவ்வொரு வீடாக விஷயம் போனது, ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு நடந்து, அதே அழுகை அழுது, கடைசியில் ஞாயிறு பூசை முடிந்து சவரி சாமி, எங்கள் பங்குக் குருவானவர், கோயில் மைதானத்தில் எல்லா மதத்துப் பெண்களையும் உட்காரவைத்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் கொண்டாங்க. ஒண்ணா ஒக்காந்து முடிச்சிருவோம். தனியா முடிக்கிறது கஷ்டம்" என்றார்.

"இவளுக்கு நூலே இல்லயே சாமி," என்றாள் பவுனம்மா என்னைக் காட்டி. "எதாச்சும் ஒரு நூலப் போட்டு மூடு புள்ள. தள்ளிப்போடப் பாக்குறியா?"

"அவன் ஒடுப்புல வேற நெறம் வராது," என்றேன். அவள் சொன்னதும் பொய் இல்லை.

புதன்கிழமை காலை பஸ்ஸில் குன்னூர் போனேன். அவனை மஞ்சள் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, மடிக்கு மேல் முந்தானையை மூடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் பையைத் தொட்டுப் பார்த்து, "மகனா?" என்றாள். "ஆமா" என்றேன். "லேசாத்தான் சூடு இருக்கு," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தையூப் பாய் கடை, பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படியேறிப் போனால் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தரையிலிருந்து கூரைவரை மரத்தட்டு, தட்டு நிறைய நூல் உருண்டை. வெள்ளையில் ஆரம்பித்து, சந்தனம், மஞ்சள், கிச்சிலி என்று போய் கறுப்பில் முடியும். சாயம் ஒரு தடவை போட்டதுபோல் மறுதடவை வராது. உருண்டையைச் சுற்றிய தாளில் லாட் நம்பர் இருக்கும், அது மாறினால் எத்தனை கெட்டிக்காரி பின்னினாலும் கோடு தெரியும். ஆகவே பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு உருண்டை வாங்கிப் போனால், அதே லாட்டில் மீதி நான்கை ஒரு பையில் போட்டு நம் பெயரை எழுதி ஆணியில் மாட்டிவிடுவார். நாம் வரும்வரை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்.

நான் தாளை எடுத்து நீட்டினேன். ஆறு வருடமாக ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்த தாள்.

பாய் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "யக்கா, ஒங்க பேருல ஒரு உருண்ட ரெண்டு வருஷம் தொங்குச்சுக்கா. இந்தா வருவீங்க அந்தா வருவீங்கன்னு பாத்தேன். ஒரு டீச்சரம்மா கேட்டாங்கன்னு அப்புறந்தான் குடுத்தேன். நீங்க வரலியே."

"வரலதான் பாய்."

"கறுப்பு வச்சுக் கழுத்துக் கட்டுங்க. கறுப்பு எல்லாத்தோடயும் போவும்."

"கறுப்பு வேணாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பைக்குள் கையைவிட்டு, கழுத்துப் பக்கம் ஊசிக்குக் கீழே தொட்டார். அவருடைய மனைவிக்காக அவர் தங்கச்சி போட்டது ஒன்று கல்லாப்பெட்டிக்குப் பின்னால் முன்பு தொங்கியது, அந்த அம்மா தவறிய பிறகு அந்த ஆணி வெறுமனே இருந்தது, ஆகையால் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரொம்ப ஆறிப்போச்சேக்கா," என்றார் மெதுவாக.

பிறகு பாய் ஏணி போட்டார். மேல்தட்டில் தேடினார், உள் அறையில் தேடினார், பச்சைக்குள்ளும் நீலத்துக்குள்ளும் கையைவிட்டுத் துழாவினார். வந்திருந்த இரண்டு வாடிக்கைக்காரிகளை "அப்புறம் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். கடைசியில், தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் காலடியில் அழகுக்காக வைத்திருந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, தாளைப் பார்த்து, "அல்லா இருக்கான்" என்றார். அதே நம்பர். ஆனால் ஆறு வருட வெயில் ஒரு பக்கம் பட்டு, அந்தப் பக்கம் மட்டும் சாயம் போய்ப் பழைய சாம்பல் நிறமாகியிருந்தது. மறுபக்கம் நேற்றுச் சாயம் போட்டதுபோல் மயில்கழுத்து.

"பின்னுனா திட்டுத் திட்டாத்தான் விழும்," என்றார்.

"விழட்டும் பாய். வெளிய கெடந்தவந்தானே அவனும்."

பாய் காசு வாங்க மறுத்தார். நான் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மூடுபனி விலகி வெயில் வந்த பிறகு, கோயில் மைதானத்தில் அறுபது எழுபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்தோம். ஊசி ஊசியில் உரசும் சத்தம் மட்டும், ஓட்டுக் கூரைமேல் சின்ன மழை பெய்வதுபோல் கேட்டது. எல்லாரும் குளிர்போகப் பின்னுகிறவர்கள், அன்றைக்குக் குளிரை வரவழைக்கப் பின்னினோம். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருத்தியாக முடிக்க ஆரம்பித்தார்கள். முடித்தவள் முந்தானையால் கையைப் போர்த்திக்கொண்டாள். ஒருத்தி முடிப்பாள், கொஞ்ச நேரத்தில் அவள் இடுப்பில் போன் அடிக்கும், "வேர்க்குதாப்பா? சரிப்பா, சரி, விசிறியப் போடு" என்று சொல்லிவிட்டு வைப்பாள், வைத்துவிட்டுக் காலியான மடியைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மூடுபனி மறுபடி இறங்கியது. மைதானம் முழுக்கப் போன் அடித்தது. தனபாலும் கூப்பிட்டான். "குல்லாயக் கழட்டிட்டேம்மா" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது.

எனக்கு நூற்றுப்பதினெட்டுக் கண்ணி. நீலமும் சாம்பலும் மாறி மாறி வந்த எட்டு வரிசையைப் பின்னி, அடைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு கண்ணி அடைக்கவும் சூடு ஸ்வெட்டரின் கையிலிருந்து நழுவிக் கழுத்தைப் பார்த்து நகர்ந்தது. கை முதலில் ஆறியது. பிறகு முதுகு. பிறகு நெஞ்சு. போ ராசா, போ, உன் உடம்புக்கே போ என்று சொல்லிக்கொண்டே அடைத்தேன். பத்துக் கண்ணி. ஐந்து. இரண்டு. பிடரிக்கு நேரே கடைசியாக ஒரே ஒரு கண்ணி ஊசியில் நின்றது. அவனிடமிருந்து எனக்குப் போன் வராது. இதை அடைத்துவிட்டால், என் பிள்ளை இருக்கிறானா என்று எனக்குச் சொல்ல இந்த உலகத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது.

நூல் ஒரு முழம் மிச்சம் இருந்தது. நூல் பத்தவில்லை என்று நான் சொல்ல முடியாது.

கழுத்துச் சங்கிலியில் கோர்த்திருந்த ஊக்கைக் கழற்றி, அந்தக் கண்ணியை அதில் வாங்கி, ஊக்கை மூடி, ஊசியை உருவினேன். ஸ்வெட்டரை நாலாக மடித்து, பிடரிப் பக்கம் உள்ளே போகும்படி, பைக்குள் வைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் பவுனம்மா.

"முடிஞ்சுது."

மறுநாள் மஸ்டரில் வரிசையாக நின்றோம். கோடையிலும் குளிர் அப்படி ஒரு குளிர். பேர் வாசிக்கும்போது என் முன்னால் நின்றவள் கழுத்தைப் பார்த்தேன். அவள் சங்கிலியில் எப்போதும் மூன்று ஊக்கு இருக்கும், இரண்டு இருந்தது. அவளுக்கு முன்னால் நின்றவள் வளையலில் ஊக்கு இல்லை. பவுனம்மா ஜாக்கெட்டில் ஊக்குக்குப் பதில் முள்ளைக் குத்தியிருந்தாள். நான் அவள் ஜாக்கெட்டைப் பார்ப்பதை அவள் பார்த்தாள், என் சங்கிலியைப் பார்த்தாள், இரண்டு பேரும் மலையைப் பார்த்தோம். அந்த வாரம் எஸ்டேட் கடையில் ஊக்கு அட்டை தீர்ந்துபோய், கடைக்காரர் கோத்தகிரிக்கு ஆள் அனுப்பினார். எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகள் போனில் நன்றாகத்தான் பேசுகிறார்கள். "பிடரியில மட்டும் ஒரு எடம் சில்லுனு இருக்கும்மா, வெரல் வச்சாப்புல," என்று தனபால் சொன்னானாம். "அது ஒண்ணும் செய்யாது," என்றாளாம் பவுனம்மா.

பாவசங்கீர்த்தனம் செய்ய மண்டியிட்டபோது சவரி சாமி என்னிடம் கேட்டார், "எல்லாம் முடிச்சாச்சா பிலோமி?"

"முடிச்சாச்சு சாமி."

அவருக்கும் ஒரு அம்மா மணப்பாறைப் பக்கம் இருக்கிறார் என்று கேள்வி. வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் கை பிடரிக்குப் போனது நிழலாகத் தெரிந்தது.

"ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்க," என்றார்.

தினமும் காலையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் தகரப்பெட்டியைத் திறக்கிறேன். ஸ்வெட்டர் பச்சைத் தண்ணீராய்க் கிடக்கிறது, ஊக்கு மாட்டிய அந்த இடத்தைத் தவிர. எங்கேயோ ஒரு ஊரில் என் மகன் பல் விளக்கிக்கொண்டோ, லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோ, பிடரியில் ஏதோ பட்டதுபோல் திரும்பிப் பார்ப்பான், ஒருவரும் இல்லையென்று மறுபடி வேலையைப் பார்ப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். அவனுக்கு அதிகம் குளிரக்கூடாதென்று, முன்பெல்லாம் தொட்டதும் கையை எடுத்துவிடுவேன்.

இந்த மார்கழியிலிருந்து அப்படி எடுக்க முடியவில்லை. தொட்டதும் ஒன்றும் தெரிவதில்லை. விரலை வைத்து வெகுநேரம், ஜெபமாலையில் பத்து மணி உருட்டுகிற நேரம், அழுத்திப் பிடித்திருந்தால் அந்த இடம் மெல்லச் சூடாகிறது. அது அவன் சூடா, என் விரலின் சூடா என்று எனக்குத் தெரியவில்லை. கம்பவுண்டரைக் கூப்பிட்டால் தெர்மாமீட்டர் வைத்துச் சொல்லிவிடுவார். நான் கூப்பிடவில்லை. பெட்டியை மூடிவிட்டு, உலை வைத்துவிட்டு, மஸ்டருக்குப் போகிறேன்.